கைப்பிடி இடப்பக்கம்

கிட்ட வாங்க, என் கண்ணுகளா. அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வந்து உட்காருங்க. போன வாரம் உங்களைக் கண் கலங்க வைத்து அனுப்பினேன். இந்த வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்கிற மாதிரி ஒரு நாளைச் சொல்கிறேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக நாலு வரி. பாளையங்கோட்டை இஸ்ரவேல் நில அளவை ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கடலில் தூண்டில் போடுவதில் அவருக்கு இணை அவர்தான். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் தேறியது. கை தேறவில்லை.

சென்னையில் இருக்கும் மகன் ஜெனோ ஆசையாகத் தூண்டில் நரம்பு சுற்றுகிற புது ரீல் ஒன்று வாங்கி அனுப்பினான். கம்புக்கு அடியில் தொங்குகிற வகை. அதற்கு விரல்கள் கம்பை இறுக்கிப் பிடித்தே ஆக வேண்டும். புன்னக்காயல் முகத்துவாரத்தில் மீன் இழுத்த ஒரு இழுப்பில் அவருடைய விரல்கள் தாமாக விரிந்தன. கம்பும் ரீலும் தண்ணீரோடு போயின.

கரைக்கு வந்தவர், சென்னைக்கு வரச்சொல்லி நெடுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த, அன்று லீவில் வந்து கூட நின்ற மகனிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார். "சரிலே ஜெனோ, ஒங்கூட மெட்ராசுக்கே வந்துருதேன்."

ஜெனோ அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டான். இஸ்ரவேல் அதோடு விட்டாரா? முப்பது வருஷமாக மகள் ஸ்வீட்லினோடு தூத்துக்குடி பழைய சாமான் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்த ரீல்கள், கம்புகள் எல்லாவற்றையும் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்குப் படைத்துவிட்டார்.

இன்றைக்கு அந்தப் பண்டிகை நாள்.

---

கோயில் வளாகத்துப் பந்தலில் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. முதல் பறியல் பூசணிக்காய், வாழைத்தார், சேவல், கைப்பின்னல் தலையணை உறை என்று ஒவ்வொன்றாக மேடைக்கு வந்தன. ஏலம் போடுகிறவர் ஞானதுரை. அவர் வாயில் விழுந்தால் எலுமிச்சம்பழம்கூட ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும்.

பெண்கள் வரிசையில் அம்மா ஜெபகனிக்குப் பக்கத்தில் ஸ்வீட்லின் உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டாள்.

அப்பாவின் சாமான்கள் மேடைக்கு வந்தன. ஒரு வீட்டார் படைத்ததை அந்த வீட்டாரே ஏலத்தில் எடுக்கக் கூடாது என்பது அந்தச் சபையில் பழக்கம். கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்குவதா? அதனால் அவள் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்ணார்பேட்டை ஹார்டுவேர் கடைக்காரர் பெருமாள்ராஜ் எல்லாவற்றையும் எடுத்தார். அவர் இந்தச் சபைக்காரர் இல்லை. ஆனாலும் வருஷம் தவறாமல் இந்த ஏலத்துக்கு வருவார்.

"நீரு கடலையே பாத்ததில்லையே அண்ணாச்சி, ஒமக்கு எதுக்கு?" என்றார் ஞானதுரை.

"இஸ்ரவேல் சார் தொட்ட சாமான்வே. என் கடையில கண்ணாடிக்குள்ள வைப்பேன்."

பந்தல் கை தட்டியது. ஆண்கள் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த இஸ்ரவேல் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் வைப்பது பெரிய மரியாதைதான். ஆனால் உயிரோடு இருக்கிற மனிதனுக்கு அது எப்படி இருக்கும் என்று ஸ்வீட்லினுக்குத் தெரிந்தது.

அடுத்து ஒரு சாக்கு மூட்டை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து இப்போது பாளையங்கோட்டையில் குடியிருக்கும் எஸ்தர் படைத்தது.

"துரை பங்களா பரண்ல கெடந்துச்சு அண்ணாச்சி. எறங்கும்போது எடுத்துக்கோன்னு குடுத்தாங்க. என்ன சாமான்னு தெரியல. தூரப் போடவும் மனசு வரல" என்றாள் எஸ்தர்.

ஞானதுரை சாக்குக்குள் கை விட்டு எடுத்தார். ஆள் உயரத்தில் பழுப்பு நிறக் கம்பு ஒன்று. கூடவே தேங்காய் அளவில் கறுத்துப்போன ஒரு ரீல்.

"தேயிலைத் தோட்டத்துல கடல் மீன் புடிச்சிருக்கான்வே துரை!"

சிரிப்பு எழுந்தது. ஞானதுரை ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியைச் சுற்றினார். அசையவில்லை. "இது என்ன, கைப்பிடி தப்புப் பக்கம்லா இருக்கு! பீச்சாங்கைக்காரன் செஞ்சதோ?"

சிரிப்பு இரண்டு மடங்கானது. ஸ்வீட்லின் மட்டும் எழுந்து நின்றுவிட்டாள்.

கம்பின் மேல் உட்காருகிற பெரிய உருளை ரீல்களில் கைப்பிடி வலப்பக்கம்தான் இருக்கும். இடப்பக்கம் வைத்துச் செய்தவை அபூர்வம். அப்படி ஒன்று கிடைத்தால் கம்பை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, வலது கை இறுக்கிப் பிடிக்காமலே இடது கையால் சுற்றலாம். அப்பாவுக்காக அவள் மாதக் கணக்கில் தேடியிருக்கிறாள். கிடைத்ததெல்லாம் குளத்து மீனுக்கான சின்ன ரீல்கள். கடலுக்குத் தாங்காது.

மேடைக்குப் போய், "ஒரு நிமிஷம் பாத்துட்டுத் தாரேன் அண்ணாச்சி" என்று வாங்கினாள்.

ஜெனோவும் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, எவனோ கழத்தி மாத்தி மாட்டிருக்கான். வேலைக்காவாது. பேசாம வா."

அவள் ரீலை வெளிச்சத்தில் பிடித்தாள். பக்கத் தகட்டில் ஐந்து திருகாணிகள். பித்தளை பச்சை பூத்திருந்தது. ஆனால் திருகாணித் தலைகளின் காடியில் ஒரு கீறல் இல்லை. திருப்புளி பட்ட சாமானாக இருந்தால் காடியின் ஓரம் எங்கேயாவது மழுங்கியிருக்கும். இது செய்த நாளிலிருந்து ஒருவரும் திறக்காத ரீல்.

திறக்கவே இல்லை என்றால் மாற்றி மாட்டியது எப்போது?

ரீலை ஞானதுரை கையில் திருப்பிக் கொடுத்தாள். தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

பழைய இரும்புக்காரர் ஒருவர் எடைக்குக் கேட்டார். பெருமாள்ராஜ் விளையாட்டுக்கு விலையை ஏற்றிவிட்டார். ஸ்வீட்லின் கை தூக்கினாள். இடது கை.

"ஏட்டி, கையத் தாழ்த்து" என்று ஜெபகனி முந்தானைக்குள் பல்லைக் கடித்தாள். நாற்பது வருஷம் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வலது கையில் பலப்பம் பிடித்துக்கொடுத்தவள் அவள். தன் மகளுக்கும் சேர்த்துத்தான். எழுதவும் சாப்பிடவும் ஸ்வீட்லினுக்கு வலது கை பழகிவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் இடது கைதான் முன்னால் வரும்.

கையைத் தாழ்த்தாமல் அவள் ஏற்றிக்கொண்டே போனாள். பெருமாள்ராஜ் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, துண்டை உதறிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஒருதரம்... ரெண்டுதரம்... இஸ்ரவேல் சார் மகளுக்கு மூணுதரம்!"

---

வீட்டுக்கு வந்ததும் இஸ்ரவேல் தன் அறைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஸ்வீட்லின் சாப்பாட்டு மேசையில் பழைய நாளிதழை விரித்தாள். எதிரே ஜெனோ வந்து உட்கார்ந்தான். முதலில் செல்போனைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான். பிறகு செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

மண்ணெண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் ரீல் ஊறியது. பொங்கப்பானை அகப்பைக் காம்பால் அவள் அதன் விளிம்பைச் சுற்றிலும் பையத் தட்டினாள். காடிக்குச் சரியாகப் பொருந்துகிற திருப்புளியைத் தேர்ந்தெடுத்து, திருகாணியை முதலில் கால் சுற்று இறுக்கினாள்.

"கழத்தணும்னுட்டு இறுக்குதியே!"

"உப்பு புடிச்சது அப்பதாம்லே விடும்."

விட்டது. ஐந்து திருகாணிகளையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைத்தாள். பக்கத் தகடு ஒரு சின்ன முனகலோடு பிரிந்து வந்தது.

இப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. திருகாணியை வைத்து அவள் நினைத்தது ஊகம். உள்ளே பல்சக்கரம் இருக்கிறது. அதன் பல்லும் பக்கத்தில் இருக்கும் கொண்டியும் சேர்ந்துதான் கைப்பிடி எந்தப் பக்கம் சுற்றலாம், எந்தப் பக்கம் சுற்றக்கூடாது என்று தீர்மானிக்கும். வலது கை ரீலைத் திருப்பி வைத்திருந்தால், இடது கையால் முன்னோக்கிச் சுற்றும்போது கொண்டி மறித்துவிடும். அப்படியென்றால் இது பேப்பர் பறக்காமல் மேலே வைக்கத்தான் ஆகும்.

பழைய கிரீஸ் மெழுகு மாதிரி கட்டியிருந்தது. தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தாள். பற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"என்னக்கா?"

அவள் கைப்பிடியை இடது கையில் பிடித்து முன்னால் தள்ளினாள்.

டிக். டிக். டிக்.

பின்னால் இழுத்தாள். கல் மாதிரி நின்றது.

"பொறந்ததே இடக்கைலே, ஜெனோ." அவள் ரீலை அவன் பக்கம் நகர்த்தினாள். "எவனும் மாத்தல. இப்படியே செஞ்சிருக்கான்."

ஜெனோ ரீலை வாங்கி அவனும் தள்ளிப் பார்த்தான். சின்னப் பையன் மாதிரி திரும்பத் திரும்பத் தள்ளினான்.

பிரேக்கு பிடிக்கிற தோல் வாசர்கள் காய்ந்து அப்பளமாக நொறுங்கின. மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது அந்தத் தோல்தான். ஸ்வீட்லின் எழுந்து பீரோவைத் திறந்து ஒரு பெல்ட்டை எடுத்து வந்தாள்.

"அக்கா! அது நான் மொத இண்டர்வியூக்குப் போட்டுட்டுப் போனது!"

"வேலதான் கெடச்சிட்டுல்லா" என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டாள்.

புதுத் தோலில் கிரீஸ் தடவி அடுக்கி முடித்ததும் கம்பைப் பார்த்தாள். கண்ணாடி நாரில், அதாவது ஃபைபர் கிளாஸில் செய்தது. நுனியைத் தரையில் ஊன்றி வளைத்துக் காது கொடுத்தாள். நெறிகிற சத்தம் இல்லை. நரம்பு ஓடுகிற வளையங்கள் சின்னச் சின்னதாக நெருக்கமாக இருந்தன. உருளை ரீல் உட்காரும் மேல்பக்கத்திலேயே வரிசையாகக் கட்டியிருந்தன. அந்த ரீலுக்கென்றே இருக்கிற படகுக் கம்பு. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டு இழுத்தாள். நுனி வளையத்தில் பஞ்சு சிக்கியது. உள்ளே மயிரிழை வெடிப்பு. மீன் வந்தால் நரம்பை அது பிளேடு மாதிரி அறுக்கும். தன் பெட்டியிலிருந்து வேறு வளையம் எடுத்து மாட்டி நூல் சுற்றிப் பசை வைத்தாள்.

தண்ணீர் குடிக்க வந்த ஜெபகனி சொம்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

---

"எனக்கு வேண்டாம்ட்டி" என்றார் இஸ்ரவேல் மறுநாள். படுக்கையில் உட்கார்ந்திருந்தார். ரீல் மடியில் இருந்தது. "கொடுத்ததக் கொடுத்தாச்சி."

"கொடுத்தது ஒங்களுது. இது நான் எடுத்தது."

"பீச்சாங்கையால மீனப் புடிச்சி, அத வீட்டுக்குக் கொண்டாந்து, பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடவா? புன்னக்காயல்ல என்னைய என்னன்னு சொல்லுவான்?"

ஸ்வீட்லினுக்குச் சுருக்கென்றது. முப்பத்தெட்டு வயதில் இந்த வார்த்தை இன்னும் குத்தும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"ஏங்க," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஜெபகனி. பள்ளிக்கூடத்துக் குரல். "அந்தக் கையாலதான ஒரு வருசமா சாப்புடுதீங்க? அந்தக் கையாலதான நேத்து ஸ்தோத்திரக் காணிக்கை போட்டீங்க? கர்த்தர் வாங்க மாட்டேன்னாரா?"

இஸ்ரவேலின் இடது கை மடியிலிருந்த ரீலின் கைப்பிடிக்குப் போனது.

"எந்திரிங்க. சட்டையப் போடுங்க. ஏலே ஜெனோ, காரை எடு. நானும் வாரேன்."

ஜெபகனி கடலுக்கு வருகிறாளா? முப்பது வருஷத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. மீன் வாடை ஆகாது என்பாள். அப்பாவும் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

---

புன்னக்காயலில் வெயில் தணிந்திருந்தது. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் முட்டுகிற இடத்தில் ஒரு நுரைக்கோடு நெளிந்தது. படகுக்காரர் கஸ்பார் அதன் ஓரத்தில் நங்கூரம் போட்டார்.

"இந்த மெசின நான் பாத்ததே இல்லையே அண்ணாச்சி. கைப்பிடி..."

"எனக்குன்னு செஞ்சது" என்றார் இஸ்ரவேல். வெட்கத்தை மறைக்கத்தான் அப்படிச் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

ஸ்வீட்லின் அவர் இடுப்பில் வாரைக் கட்டி, அதிலிருந்த குழியில் கம்பின் அடியை ஊன்றினாள். கம்பின் பாரம் படகு விளிம்பில் மடித்துப் போட்ட சாக்கில் சாய்ந்தது. வலது கையை எடுத்து ரீலுக்கு மேலாகக் கம்பில் சும்மா படிய வைத்தாள். அந்தக் கை ஒன்றையும் பிடிக்க வேண்டியதில்லை. இடது கைக்குக் கைப்பிடி வந்தது.

உயிரோடு ஒரு மடவை மீனை இரையாகக் கோத்து இறக்கினார்கள். ஜெனோ செல்போனைத் தொடவில்லை. ஜெபகனி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு அந்த நுரைக்கோட்டையே பார்த்தாள்.

நரம்பு ஒரு தரம் துடித்தது.

"பொறு" என்றார் இஸ்ரவேல் தனக்கே.

அடுத்த துடிப்பில் கம்பின் நுனி தண்ணீரைத் தொட்டது. ரீல் உறுமியது. ஜெனோவின் பெல்ட்டுத் தோல் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனது. நரம்பை அறுக்கவும் இல்லை, இளகிவிடவும் இல்லை.

"பாரை! பெருசு!" என்று கஸ்பார் கத்தினார். "கம்ப நான் புடிக்கட்டா அண்ணாச்சி?"

"தொட்டேன்னா தண்ணியில தள்ளிருவேன்வே!"

அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! ஸ்வீட்லின் பாய்ந்து உதவப் போன தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மீன் நின்றது. இஸ்ரவேல் சுற்றினார். முதல் சுற்று கோணலாக வந்தது. இரண்டாவது திக்கியது. பிறகு தோள் அதன் கணக்கைக் கண்டுகொண்டது. முப்பது வருஷம் வலது பக்கம் இருந்த வித்தை மெல்ல மெல்ல இடது பக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. அவர் சாய்ந்தார், நிமிர்ந்தார், சுற்றினார். மீன் ஓடினால் விட்டார். நின்றால் விடவில்லை.

அப்போதுதான் ஸ்வீட்லின் ஒன்றைக் கவனித்தாள். இந்த ரீலில் நரம்பை ஒரே இடத்தில் குவியவிடாமல் பெருவிரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளித் தள்ளிப் படிய வைக்க வேண்டும். அதை அவள் செய்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். பதற்றத்தில் மறந்துபோனாள். ஆனால் உருளையில் நரம்பு ஒழுங்காகப் படிந்துகொண்டிருந்தது.

அப்பாவின் வலது கைப் பெருவிரல் அசைந்தது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

அவருக்குத் தெரியாது. அவர் கண் தண்ணீரில் இருந்தது. அவளும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஜெபகனியும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை மூக்கிலிருந்து எப்போதோ விழுந்திருந்தது.

கஸ்பார் கொக்கியைப் போட்டுத் தூக்கினார். வெள்ளித் தாம்பாளம் மாதிரி பாரை படகுக்குள் விழுந்து துள்ளியது.

இஸ்ரவேல் அதையே பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவளுடைய இடது கையைத் தன் இடது கையால் பற்றினார்.

"கஸ்பாரு! இவ யாரு தெரியுமா? ஏலத்துல ஊரே சிரிச்ச சாமான, திருகாணியப் பாத்தே இன்னதுன்னு சொன்னவ. என் மக. இடக்கைக்காரி!"

முகத்துவாரம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். பக்கத்துப் படகில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கேட்கட்டும் என்று இன்னொரு தரமும் சொன்னார்.

---

கரையில் படகு மணலைத் தொட்டதும் ஜெனோ முதலில் இறங்கினான். அப்பாவுக்குத் தோள் கொடுத்தான். பாவம், நல்ல பிள்ளை. தோற்றுப்போன முகமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"அப்ப ரயில் டிக்கெட்ட ரத்து பண்ணிரட்டுமாப்பா?"

"பண்ணுலே. எனக்கு இங்கன சோலி கெடக்கு."

ஸ்வீட்லின் கம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஒண்ண மட்டும் ரத்து பண்ணு, ஜெனோ."

எல்லோரும் திரும்பினார்கள். ஜெபகனி அலை காலில் படும்படி நின்றுகொண்டிருந்தாள். சேலைக் கரை நனைந்திருந்தது. அதை அவள் தூக்கிப் பிடிக்கவில்லை.

"ஒண்ணுன்னா?" என்றார் இஸ்ரவேல்.

"ஒங்களுக்குக் கை வந்துட்டு. இவ இருக்கா. இனி நான் பக்கத்துலயே நிக்கணும்னு இல்ல." குரலில் கோபம் இல்லை, சலிப்பு இல்லை. "ஒரு வருசமா மூணு பேரும் அப்பா போவாரா மாட்டாரான்னு பேசுனீங்களே தவிர, எனக்குப் போவணுமான்னு ஒரு ஆளு கேக்கல. எனக்கு மெட்ராசுக்குப் போவணும்."

இஸ்ரவேலின் இடது கை மனைவியை நோக்கிப் பாதி எழுந்து, அங்கேயே நின்றது. கஸ்பார் என்ன செய்வதென்று தெரியாமல் மீனைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போனார்.

ஜெபகனி எதற்காகப் போக வேண்டும் என்கிறாள்? அது அடுத்த வாரம் அவள் வாயாலேயே வரட்டும். அவளை அவசரப்படுத்த எனக்கு மனசில்லை.

நீங்கள் போய் வாங்க, என் மக்களே. உங்கள் வீட்டில் எந்தக் கை தளர்ந்தாலும் மற்றொரு கைக்குப் பலம் வரட்டும். உங்கள் பிள்ளைகள் எந்தக் கையால் செய்தாலும் அது நிறைந்து விளங்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் மனசில் இருப்பதைக் கேட்க ஒரு காது அந்த வீட்டிலேயே இருக்கட்டும். உலை கொதிக்கட்டும், சட்டி மணக்கட்டும், எல்லோரும் நல்லா இருங்க.